வலியில்லாத முகம்

மார்ச் 3

இவருக்கு மறுபடியும் முதுகுவலி. நான் செருப்பு மாட்டும் நேரம் பார்த்துக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு முனகல். நான் திரும்பியதும் இன்னொன்று, முதலாவதைவிடத் தரமானது. தொழில் புத்தி சும்மா இருக்குமா, முகத்தைப் பார்த்ததும் மதிப்பெண் போட்டுவிட்டேன். கண்ணிமை இறுக்கம், ஒன்று. வாய், ஒன்று. மூக்கு, பூஜ்யம். காதைப் பின்னால் மடக்க மனிதனுக்கு வராது, அதனால் அந்தப் பாடத்தில் இவருக்கு வழியே இல்லை. பன்னிரண்டுக்கு இரண்டு.

"தேறமாட்டீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

"மனுஷன் துடிக்கிறேன், உனக்குக் கிண்டலா இருக்கு" என்றார். துடிக்கிற ஆளுக்கு உச்சரிப்பு அவ்வளவு தெளிவாக வராது.

ஆய்வில் ஏழு குதிரைகள் முடிந்து வீடு போய்விட்டன. நாளை எட்டாவது வருகிறது, அதுதான் கடைசி. எல்லாம் கால் மூட்டில் அறுவை செய்தவை. பாதிக்குப் பழைய வலி மருந்து, பாதிக்குப் புதியது. எதற்கு எது என்று எனக்குச் சொல்லமாட்டார்கள். என் வேலை முகம் பார்ப்பது. காது, கண்ணிமை, கண்ணுக்கு மேலுள்ள மேடு, தாடைத் தசை, வாய், மூக்கு. ஆறு இடம், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம், ஒன்று அல்லது இரண்டு. கூட்டுத்தொகை ஐந்தைத் தாண்டினால் அந்தக் குதிரைக்குக் கூடுதலாக ஒரு வலி ஊசி. தாண்டாவிட்டால் கிடையாது.

எங்கள் புரொபசருக்கு நாங்கள் வைத்த பெயர் சுத்தம். "டேட்டா சுத்தமா இருக்கணும்" என்று அவர் சொல்லாத நாள் கிடையாது. ஆய்வு தொடங்கும்போது எல்லோர் முன்னாலும் சொன்னார்: "பத்துப் பேர் பார்த்தா பத்து விதமா வரும். ஒரே கண்ணுதான் பார்க்கணும். இவங்க கண்ணு." எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து எல்லாக் குதிரைக்கும் ஒரே கண், என் கண்.

மார்ச் 5

எட்டாவது நேற்று வந்தது. சவாரிப் பள்ளியில் குழந்தைகளைச் சுமந்தே வயதான பழுப்புநிறப் பெண் குதிரை. முன்வலது முழங்காலில் எலும்புச் சில்லு ஒன்று பெயர்ந்திருந்தது. கத்தி இன்று அதை எடுத்துவிட்டாள். கத்தி என்பது என்னோடு கல்லூரியில் படித்தவள், இங்கே அறுவை மருத்துவர். அந்தப் பெயர் அவள் கைக்காகவா நாக்குக்காகவா என்று இன்றுவரை முடிவாகவில்லை.

"முகம் பாரு, முகம் பாருன்னு சம்பளம் வாங்குறே. காலைப் பார்த்தவளுக்கும் அதே சம்பளம்தான்" என்றாள்.

வலது காலுக்குப் பெரிய கட்டு. இடது காலுக்கும் பஞ்சு வைத்துக் கட்டியிருக்கிறாள், பாரம் முழுவதும் இனி அதன்மேல்தானே விழும்.

மயக்கம் தெளிந்த குதிரை என் கையை முகர்ந்தது. சட்டைப் பையில் இருந்த கேரட்டைக் கண்டுபிடித்துவிட்டது. முதல் குதிரை நேராக நிற்காமல் அடம்பிடித்ததால் நான் தொடங்கிய பழக்கம் இது: மதிப்பெண் போட்டு முடித்ததும் ஒரு கேரட். நெறிமுறையில் இல்லை. சுத்தத்துக்குத் தெரியாது. தெரிந்தாலும் கேரட்டில் என்ன அழுக்கு?

மார்ச் 8

பூஜ்யம்.

நேற்றும் பூஜ்யம். அறுவை முடிந்த சூட்டில் எந்தக் குதிரையும் இப்படி வாங்கியதில்லை. நான் லாயக் கதவைத் தொட்டதுமே காது இரண்டும் முன்னால் வந்து நிற்கிறது. கண் அகலமாக, வாய் தளர்வாக, மூக்கு உருண்டையாக. பாடப்புத்தகம்.

கத்திக்குத் தலைகால் புரியவில்லை. "என் கையி! பார்த்தியா என் கையி!" என்று லாயக்காரரிடம்கூடக் கையை நீட்டிக் காட்டினாள். குதிரைக்குப் பூஜ்யம் என்று அவள்தான் பெயர் வைத்தாள். "ஏய் பூஜ்யம்" என்றால் திரும்பிப் பார்க்கிறது. நான் கூப்பிட்டால் மட்டும்.

மார்ச் 9

அடுத்த கட்டடத்து நாய்களுக்கும் எனக்கும் ஒரு பூர்வஜென்மத் தொடர்பு. கிழ நாய்களின் மூட்டு வியாதியை ஆராயும் பிரிவு அது. ஒருநாள் ஏதோ இளகிய நேரத்தில் பிஸ்கட் போட்டுத் தொலைத்தேன். இப்போது என் ஸ்கூட்டர் கேட்டில் நுழைந்தாலே அத்தனையும் சேர்ந்து குரைக்கின்றன. மற்றவர்கள் வண்டிக்கு ஒரு சத்தம் கிடையாது. "மகாராணி வந்தாச்சு" என்று லாயக்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடுவாராம்.

நாய்ப் பிரிவுக்காரர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. நாய்க்கு வலித்தால் ஊரைக் கூட்டிவிடும். குதிரை அப்படியில்லை, மென்று முழுங்கிவிடும். பலவீனமானதைத்தான் புலி தேடும் என்ற பயம் அதற்கு, புலியைப் பார்த்தே இராவிட்டாலும். அதனால்தான் என்னைப் போன்ற ஆள் தேவைப்படுகிறது. முழுங்கியதையும் முகத்தில் பார்த்துச் சொல்ல.

அப்படித்தான் வகுப்பில் சொல்வேன். கைதட்டுவார்கள்.

மார்ச் 12

இன்று போட்டோ. எங்கள் அளவுகோலைச் சார்ட்டாக அடித்து எல்லாக் கால்நடை மருத்துவர்களுக்கும் அனுப்பப் போகிறார் சுத்தம். ஆயிரம் பிரதி. லாயச் சுவரில் மாட்டிவைத்து, குதிரையையும் சார்ட்டையும் மாறி மாறிப் பார்த்து மதிப்பெண் போடலாம். வலியுள்ள முகங்களுக்குப் பழைய படங்கள் ஏராளமாக இருக்கின்றன. முதல் கட்டத்தில் வைக்க, "வலியில்லாத முகம்" என்று தலைப்புப் போட, ஒரு படம் தேவை.

வேறு யார்? பூஜ்யம்தான்.

போட்டோக்காரர் கேமராவைத் தூக்கியதும் தலையைத் தொங்கப் போட்டது. "தூக்கம் போல" என்றார். நான் அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றேன். அவ்வளவுதான், காது நட்டுக்கொண்டது, கண்ணில் ஒரு வெளிச்சம். மடமடவென்று எடுத்துத் தள்ளினார். "மேடம், நீங்க பக்கத்துல இருந்தா மருந்தே வேணாம் போல" என்றார். வீட்டில் யாரும் என்னைப்பற்றி அப்படிச் சொன்னதில்லை.

சார்ட்டின் அடியில் சந்தேகம் கேட்க என் போன் எண்ணைப் போடச் சொல்லியிருக்கிறார் சுத்தம். போடட்டும்.

குதிரையின் சொந்தக்காரம்மாவுக்கும் ஒரு படம் அனுப்பினேன். கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக வந்தன.

மார்ச் 13

இவர் முதுகு: மூன்று. முன்னேற்றம்.

மார்ச் 16

நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, ஊர்ப்பட்ட மிருகத்தையெல்லாம் பார்க்கிற கண்ணால எங்க அண்ணனையும் கொஞ்சம் பாருங்க."

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். மார்க் வரமாட்டேங்குது."

"மார்க்கா? என்ன மார்க்?" என்றாள். நான் சொன்னது நகைச்சுவை என்று அவளுக்கு யாராவது எழுதித் தரவேண்டும்.

இவர் என் எதிரில்தான் முனகுகிறார். பாத்திரம் கழுவும்போது முனகல் இல்லை, நான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தால் முனகல். எனக்கென்று தயாரித்து, எனக்கென்று பரிமாறப்படுகிற வலி.

மார்ச் 19

பூஜ்யம். ஆனால் தீவனத் தொட்டியில் பாதி அப்படியே கிடக்கிறது. லாயக்காரரிடம் கேட்டேன். "வயித்துக்கோளாறா இருக்கும்மா, இல்லன்னா புது வைக்கோல் பிடிக்கல" என்றார். கத்தியிடம் கேட்டேன். வலது முழங்கால் கட்டைப் பிரித்துப் பார்த்து, "தங்கமா ஆறுது" என்றாள். இடது காலின் கட்டை யாரும் பிரிக்கவில்லை. அதில் பார்க்க என்ன இருக்கிறது, அது நல்ல கால்.

முகம் பூஜ்யம். எனக்கு அது போதும்.

மார்ச் 21

சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது. எழுதிவிட வேண்டும்.

மதியம் ஒரு கூட்டம் இருந்தது, ரத்தாகிவிட்டது. சீக்கிரமே வீட்டுக்கு வந்தேன். தெருமுனையில் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், ஸ்கூட்டரை அங்கேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். அதனால் சத்தமில்லை. கதவு திறந்திருந்தது. உள்ளே பாட்டு. இவர் குரல்! பாடிக்கொண்டே துணி அலமாரியை, முழு அலமாரியை, இடுப்பால் முட்டி நகர்த்திக்கொண்டிருக்கிறார். அடியில் உருண்டுபோன எதையோ எடுக்க. குனிந்தார், எடுத்தார், நிமிர்ந்தார். ஒரு சின்ன ஆட்டம்கூடப் போட்டார்.

என்னைப் பார்த்தார். கையும் களவுமாக.

அந்த முகம் மாறிய வேகத்தை எந்த ஆய்விலும் பார்த்ததில்லை. பாட்டு பாதியில் அறுந்து, கை இடுப்புக்குப் போய், கண் சுருங்கி, வாய் கோணி, "அப்பா…" என்று அலமாரியிலேயே சாய்ந்தார். நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஆனாலும் இடுப்பிலிருந்து கையை எடுக்கவில்லை. தொழில் பக்தி.

"நான் இல்லாதப்ப உங்க முதுகு நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"நீ வந்தாத்தான் அதுக்கு ஞாபகம் வருது" என்றார்.

முகம் கழுவப் போனேன். தண்ணீரைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். நான் வந்தால் முகம் மாறுகிறது. இவருக்கு வலி வருகிறது. சரி. நான் வந்தால் வலி போகிற முகமும் இருக்குமா?

போட்டோக்காரர் கேமராவைத் தூக்கியபோது தொங்கிய தலை.

சீச்சீ. குதிரைக்கு நடிக்கத் தெரியுமா என்ன.

மார்ச் 22

தெரியும்.

போன வருடம் சேணங்கள் திருட்டுப் போனதால் லாயத்தின் முதல் கொட்டடியில் மட்டும் ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். பூஜ்யம் இருப்பது முதல் கொட்டடி. சத்தமும் பதிவாகும். காலையில் நேராகக் காவலாளி அறைக்குப் போய், நேற்றைய பதிவைப் போடச் சொல்லி உட்கார்ந்தேன்.

முதலில் வேறு குதிரை என்று நினைத்தேன். தலை முழங்காலுக்கும் கீழே தொங்குகிறது. காது பக்கவாட்டில் சரிந்து பின்னால் திரும்பியிருக்கிறது. கண் பாதி மூடி, மேலே எலும்பு முக்கோணமாகத் துருத்துகிறது. தாடை கல். மூக்கு ஒடுங்கி, உதடு இறுகி. இடது முன்காலைத் தூக்குகிறது, வைக்கிறது, வைத்ததும் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம். மறுபடி தூக்குகிறது. அதனால் வலது காலில் நிற்க வேண்டியிருக்கிறது, அறுத்த காலில். அதையும் மாற்றுகிறது. சுவரில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு அப்படியே நிற்கிறது. நான் கூட்டினேன். பதினொன்று.

பிறகு தூரத்தில் நாய்கள் குரைக்கின்றன.

அதுவரை சுவரில் கிடந்த தலை நிமிர்கிறது. நான் இன்னும் கேட்டில்கூட முழுசாக நுழைந்திருக்கமாட்டேன். காது முன்னால் வருகிறது. கண் திறக்கிறது. இடது காலை மெதுவாக, மெதுவாகத் தரையில் ஊன்றுகிறது. கதவைப் பார்த்து நிற்கிறது.

பிறகு நான் வருகிறேன். திரையில் என் முதுகு. என்ன ஒரு குஷியான முதுகு. கழுத்தைத் தட்டுகிறேன், ஏதோ பாடுகிறேன், எழுதுகிறேன். பூஜ்யம். கேரட் கொடுக்கிறேன். போகிறேன். கொஞ்ச நேரம் கதவையே பார்க்கிறது. ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்ததும் காது சரிகிறது, கண் மூடுகிறது, தாடை இறுகுகிறது.

கேரட்டைக் கீழே துப்பிவிட்டது. அது கேரட்டுக்காகக்கூட இல்லை.

முந்தைய நாளைப் போடச் சொன்னேன். அதற்கு முந்தைய நாளை. அதற்கும் முந்தையதை. போதும்னு காவலாளி எழுந்து போயிட்டார். நான் போகல.

மார்ச் 22, மாலை

கத்தி இடது காலின் கட்டைப் பிரித்தாள். குளம்பு கை வைக்க முடியாத சூடு. அவள் முகத்தில் மதிப்பெண் போட நான் தேவைப்படவில்லை. எக்ஸ்ரே எடுத்தோம். அறுத்த காலைக் காப்பாற்ற இத்தனை நாள் எடை முழுவதையும் இடது கால் சுமந்திருக்கிறது. உள்ளே குளம்பைப் பிடித்து வைத்திருக்கும் சதை வெந்து விட்டுக்கொடுத்து, எலும்பு கீழே இறங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் இறங்கினால் பாதத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

"வலது காலுக்கு வலி மருந்து பத்தலடி. பத்தியிருந்தா ரெண்டு கால்லயும் மாத்தி மாத்தி நின்னிருக்கும்" என்றாள். அப்புறம், "நீ பூஜ்யம்னு சொன்னே" என்றாள்.

நீயும்தான் கையைக் காட்டிக்கிட்டு அலைஞ்சே என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. யாரையும் கேட்காமல் வலி ஊசியை எடுத்துப் போட்டேன்.

மார்ச் 23

சுத்தத்தின் அறை. மேசையில் ஒரு காகிதம் கோணலாக இருக்காது.

"வீடியோ பார்த்து மார்க் போடலாம்னு நெறிமுறையில எங்கயாவது இருக்காம்மா?"

"இல்ல சார்."

"நேர்ல பார்த்து நீங்க போட்டது எவ்வளவு?"

"பூஜ்யம்."

"பூஜ்யத்துக்கு ஊசி உண்டா?"

"சார், அதுக்கு வலிக்குது."

"வலிக்கலன்னு நான் சொல்லலையே. டேட்டாவுல இல்லன்னு சொல்றேன்."

ஊசி நேற்றே போட்டாகிவிட்டது என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபமே இல்லை. நெறிமுறை மீறல், அதனால் எட்டாவது குதிரை ஆய்விலிருந்து நீக்கம். ஏழு போதும், ஏழும் அருமையாக வந்திருக்கிறது, புது மருந்து நன்றாக வேலை செய்கிறது. "அதுவும் நல்லதுக்குத்தான். டேட்டா சுத்தமாயிடுச்சு."

"அந்த ஏழும் என்னைப் பார்த்து இப்படித்தான் நின்னிருந்தா?"

"ஏழும் நடந்து வீட்டுக்குப் போச்சேம்மா."

ஏழுக்கும் கேரட் கொடுத்தேன். ஏழும் கதவைப் பார்த்துக் காத்திருந்தன. அந்தக் கொட்டடிகளில் கேமரா இல்லை.

மார்ச் 25

ஆய்வில் இல்லாததால் இப்போது எத்தனை ஊசி வேண்டுமானாலும் போடலாம். போடுகிறோம். தரையில் மணலைக் கொட்டி மெத்தை மாதிரி ஆக்கியிருக்கிறோம். குளம்புக்கு ஐஸ். எலும்பு நிற்கவில்லை, இறங்கிக்கொண்டே இருக்கிறது.

ஊசி எவ்வளவு கேட்கிறது என்று பார்க்க முகம் பார்க்கவேண்டும். என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியாது. உலகத்தில் எல்லோராலும் பார்க்க முடியும், என்னால் முடியாது.

இன்று ஸ்கூட்டரைத் தெருவிலேயே விட்டேன். லாயக்காரரின் கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டேன், வியர்வையும் சாணியும் என் வாசனையை மறைக்கட்டும் என்று. திருடி மாதிரி தீவன அறை வழியாக வந்து பலகை இடுக்கில் கண்ணை வைத்தேன். ஒன்பது. பத்து. மூச்சு வாங்குகிறது. நான் அசையவில்லை.

எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. மூக்கு ஒருமுறை விரிந்தது. பலகைப் பக்கம் தலை திரும்பியது. காது…

வேணாம்டி. வேணாம். காதை இறக்கு. என்கிட்ட என்னத்துக்கு மறைக்கிற? நான் புலியா? நான் எதுக்கு இருக்கேன், இதைப் பார்க்கத்தானே இருக்கேன், எனக்கு மட்டும் ஏன் காட்டமாட்டேங்குற?

சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. லாயக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். என் குரலைக் கேட்டதும் அது இன்னும் நேராக நின்றது.

மார்ச் 26

வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே முனகல். இன்றைக்கா?

"நடிக்காதீங்க" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். குதிரை, அலமாரி, ஆட்டம், அவர் அம்மா வரை போனேன். நாக்கில் நரம்பில்லாமல் பேசினேன் என்று பக்கத்து வீட்டில் கேட்டவர்கள் சாட்சி சொல்வார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இவர் சொன்னார்: "ஒரு குதிரையாலகூட உன் முன்னால உண்மையா இருக்க முடியல. நான் கொஞ்சம் நடிச்சது தப்பா போச்சா? நீ முகத்தைப் பார்க்கிறவ இல்ல. மார்க் போடுறவ."



மார்ச் 27

எலும்பு பாதத்தைத் துளைத்துவிட்டது. சொந்தக்காரம்மாவுக்குப் போன் செய்தேன். நாளை முடித்துவிடலாம், இனி வைத்திருப்பது கொடுமை என்றேன்.

"நீங்க அனுப்பின படத்துல நல்லாத்தானே இருந்துச்சு?" என்றாள். கத்தவில்லை, குற்றம் சொல்லவில்லை. புரியாமல்தான் கேட்டாள். திரும்பவும் கேட்டாள்.

மார்ச் 28

கத்தி கேட்டாள்: "வெளிய நிக்கிறியா, உள்ள வர்றியா?"

நான் வெளியே நின்றால் பூஜ்யம் வலியோடு நிற்பாள். உள்ளே போனால் வலியோடு, அதை மறைக்கிற பாரத்தையும் தூக்கிக்கொண்டு நிற்பாள். எது இரக்கம்? இத்தனை வருடம் படித்ததில் இதற்கு ஒரு வரி கிடையாது.

கத்தியே முடிவு செய்தாள். "உள்ள வா. உன்னைப் பார்த்தாத்தான் ஆடாம நிப்பா. எனக்கு ஊசி ஒரே தடவையில ஏறணும்."

கடைசியில் அதையும் பயன்படுத்திக்கொண்டோம்.

படுத்திருந்தாள். நான் நுழைந்ததும் எழுந்தாள். ஐயோ, எழுந்தாள். அந்தக் காலில். கத்தி "படுக்கட்டும், பிடி, பிடி" என்றாள், அதற்குள் எழுந்து நின்றுவிட்டாள். என் சட்டைப் பையை முகர்ந்தாள். கேரட் கொண்டு போயிருந்தேன். கொடுத்தேன். வாங்கி வாயில் வைத்துக்கொண்டாள், மெல்லவில்லை. காது இரண்டும் என்னைப் பார்த்து. கண் அகலமாக. மூக்கு உருண்டையாக. கத்தி கழுத்தில் ஊசியை ஏற்றி முடிக்கும்வரை அப்படியே நின்றாள். நல்ல பிள்ளையாக.

கை பழக்கத்தில் கூட்டிவிட்டது. பூஜ்யம்.

வீட்டுக்கு வரும்போது நாய்கள் குரைத்தன. அவற்றைத் திட்டினேன். வேறு யாரைத் திட்ட.

ஏப்ரல் 4

அறிக்கை போய்விட்டது. ஏழு குதிரைகள், புது மருந்து சிறப்பு, கூடுதல் ஊசி கிட்டத்தட்ட தேவைப்படவில்லை. எட்டாவதைப்பற்றி அடியில் ஒரு வரி: நெறிமுறை மீறலால் நீக்கப்பட்டது. மீறியவள் நான்.

சார்ட்டை நிறுத்துங்கள் என்றேன். முதல் படத்தில் இருப்பது வலியில்லாத முகம் இல்லை, அந்த நிமிஷத்தில் அவள் கால் வெந்துகொண்டிருந்தது என்றேன்.

"ஆயிரம் பிரதி அச்சாகி, தபாலும் ஆயிடுச்சேம்மா. காது முன்னால, கண்ணு திறந்து, வாய் தளர்ந்து. படத்துல என்ன தப்பு?"

"குதிரை தப்பு சார்."

"அன்னிக்குப் பூஜ்யம்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். மூன்றும் அவர் மேசையில் நேராக அடுக்கப்பட்டிருக்கின்றன. எனக்கு ஒரு பிரதி கொடுத்தார், உருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு. நான் இன்னும் பிரிக்கவில்லை.

ஏப்ரல் 11

இவர் முனகுவதே இல்லை.

அன்றைய சண்டைக்குப் பிறகு ஒரு முனகல் கிடையாது. கேட்டால் "நல்லாயிருக்கேன்" என்கிறார். நானும் நிம்மதி என்று இருந்தேன். இன்று துணி காயப்போடக் கொல்லைப்பக்கம் போனவள், ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, குனிந்து, வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு நிற்கிறார். கண் இறுக்க மூடியிருக்கிறது. இரண்டு இல்லை. மூன்று இல்லை.

வாளியைக் கீழே வைத்தேன். அந்தச் சத்தத்துக்கு நிமிர்ந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். நான் உள்ளே வந்தபோது பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்லையே."

அலமாரியை நகர்த்திய அன்றைக்கு வந்த வலியா? முன்பே இருந்ததா? முன்பு நடித்தாரா, இப்போது நடிக்கிறாரா? என்னிடம் கேட்காதே. எனக்கு முகம் பார்க்கத் தெரியாது. நாளைக்கு டாக்டரிடம் போகவேண்டும், நான் கூடப் போகக்கூடாது. என் தம்பியைக் கூட அனுப்ப வேண்டும்.

ஏப்ரல் 20

இவருக்கு முதுகெலும்பில் டிஸ்க் விலகியிருக்கிறதாம். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாராம், ஒன்றையும் விடாமல். தம்பி சொன்னான். மாத்திரை, ஓய்வு. குணமாகும்.

நான் அறைக்குள் போகுமுன் இப்போதெல்லாம் வெளியே கொஞ்சம் நிற்கிறேன்.

மே 6

காலையில் ஒரு போன். தெரியாத எண். குரல் இளமையாக, மரியாதையாக.

"மேடம், சார்ட்ல உங்க நம்பர் இருந்துச்சு. நான் ஒரு மாட்டு டாக்டர்தான், இங்க குதிரைக்கும் நானே. கால் உடைஞ்ச குதிரை ஒண்ணு என் கவனிப்புல இருக்கு. உங்க சார்ட்டைப் பக்கத்துலயே மாட்டி வச்சிருக்கேன். முதல் படம் அப்படியே அச்சு அசல் மேடம். தினமும் பூஜ்யம்தான். வலி மருந்தை நிறுத்திடலாமான்னு…"

"இப்ப எங்க நிக்கிறீங்க?"

"அது பக்கத்துலதான் மேடம். நான்தான் தீனி வைக்கிறேன், நான்தான் தேய்ச்சு விடுறேன். என்னைக் கண்டா அதுக்கு உயிரு."



"தம்பி, போனை வச்சிடாதீங்க. வெளிய போங்க. வண்டியை எடுத்துட்டுக் கிளம்புற மாதிரி சத்தம் பண்ணிட்டு, நடந்து திரும்பி வந்து, எங்கயாவது ஒளிஞ்சு நின்னு பாருங்க. ரொம்ப நேரம் பாருங்க."

"எதுக்கு மேடம்?"

"பாருங்க."

பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. நின்றது. பிறகு அவருடைய மூச்சு மட்டும். நான் போனைக் காதில் வைத்தபடி உருட்டி வைத்திருந்த சார்ட்டைப் பிரித்தேன். முதல் கட்டத்தில் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம்" என்றார்.  "கூட்டிப் பார்த்தேன் மேடம். ஒன்பது வருது."

மருந்தின் அளவைச் சொன்னேன். எடை தாங்கும் அடுத்த காலையும் உடனே பார்க்கச் சொன்னேன். நன்றி நன்றி என்றார். சார்ட்டைக் கழற்றிவிடுவதாகச் சொன்னார்.

ஆயிரத்தில் அது ஒன்று. மீதி அவரவர் லாயச் சுவரில் தொங்குகிறது. இதுவரை என்னைக் கூப்பிட்டுக் கேட்டவர் இவர் ஒருவர்தான்.